கேப்டனுக்குக் கீழே ஒரு டாக்டர்

டி. ஜி. கிராஃபோர்டு வங்காளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர், லெப்டினன்ட் கர்னல். தன் ஓய்வுக்காலத்தை அவர் ஒரு பெயர்ப்பட்டியலுக்குக் கொடுத்தார். 1615 தொடங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனியிலும், பிறகு இந்தியன் மெடிக்கல் சர்வீஸிலும் (ஐ.எம்.எஸ்.) இருந்த சர்ஜன்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 1930-இல் அச்சான அந்தத் தடித்த புத்தகத்தில் வரிசைகட்டி நிற்கிறார்கள். ஆளுக்குச் சில வரி. பிறந்த நாள், பட்டம் வாங்கிய இடம், அசிஸ்டன்ட் சர்ஜன் ஆன தேதி, சர்ஜன் ஆன தேதி, போன போர்கள், செத்த நாள். முப்பது வருஷம் காலராவோடு மல்லுக்கட்டிய மனிதரும் அந்தச் சில வரியில் முடிந்துபோகிறார்.

போர் அதிகாரிகளுக்கும் இதுபோன்ற ஏடுகள் உண்டு. ஹார்ட் என்ற அதிகாரி 1839-இல் தொடங்கிய ராணுவப் பட்டியல் அவற்றில் பேர்பெற்றது. இரண்டு வகை ஏடுகளையும் அருகருகே விரித்துவைத்தால் ஒன்று புலப்படும். ஒரே பட்டாளத்தில் இருந்து, ஒரே கப்பலில் வந்து, ஒரே காய்ச்சலில் படுத்த இரண்டு பேர், இரண்டு வேறு ஏணிகளில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்று போர் அதிகாரியின் ஏணி, மற்றது டாக்டருடையது. இவற்றுக்கிடையே நூறு வருஷத்துக்குமேல் நடந்த இழுபறியை மேலோட்டமாகப் பார்த்தால் பட்டத்துக்கும் சாப்பாட்டு மேசையில் நாற்காலிக்கும் நடந்த சில்லறைச் சண்டை என்றுதான் தோன்றும். அதில் எத்தனை சிப்பாய்களின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மரணக் கணக்குகளைப் புரட்டினால் தெரியும்.

போர் அதிகாரியின் ஏணி விலைக்குக் கிடைத்தது. காலாட்படையில் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கு 450 பவுன். லெப்டினன்ட் 700, கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500. இவை 1821-இல் அரசே நிர்ணயித்த விலைகள். மறைவாகக் கைமாறியது அதற்கு மேல். இடம் காலியானால் கீழே இருப்பவர் வித்தியாசத்தைக் கட்டிவிட்டு மேலே போவார். மேலே இருந்தவர் பதவியை விற்ற காசோடு வீட்டுக்குப் போவார். யார் பணம் கொடுத்து உயர்ந்தார், யார் கொடுக்காமல் உயர்ந்தார் என்பதை அரசிதழே அச்சிடும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று எல்லாரும் நினைத்த காலம். கார்டிகன் பிரபு ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைமைக்காக அரசு விலையைப்போலப் பல மடங்கு கொட்டினார் என்பது அன்றைய ஊர்ப்பேச்சு. அவருடைய ஆட்கள் கிரிமியாவில் சேற்றில் கிடந்தபோது, அவர் பலாக்லாவா துறைமுகத்தில் தன் சொந்த உல்லாசக் கப்பலில் தூங்கினார். 1871-இல் போர் அமைச்சர் கார்ட்வெல் இந்த வியாபாரத்துக்கு முடிவுகட்டப் பார்த்தார். பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் விக்டோரியா அரசியின் ஆணையைப் பெற்றுத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

டாக்டரின் ஏணியில் ஏறியவர்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள். எடின்பரோ, அபர்டீன், டப்ளின், கார்க் என்று ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் படித்துவிட்டு, லண்டனில் தொழில் தொடங்க முதல் இல்லாதவர்களுக்குப் பட்டாளம் ஒரு பிழைப்பு. ரெஜிமென்டில் சர்ஜனுக்குச் சீருடை உண்டு, மேசையில் இடம் உண்டு. ஆணையிடும் உரிமை மட்டும் கிடையாது. கேப்டனுக்குச் சமம் என்பார்கள். ஆனால் நேற்றுச் சேர்ந்த கேப்டனுக்கும் அவர் இளையவர். நோயாளியைப் படுக்கவைக்கலாம், காலை வெட்டலாம், மருந்து கொடுக்கலாம். கூடாரங்களைச் சதுப்பிலிருந்து மேட்டுக்கு மாற்றுங்கள் என்று அவர் சொன்னால் அது வெறும் யோசனை. கர்னலுக்கு மனமிருந்தால் நடக்கும்.

இந்த நிலைமையின் முழு உருவத்தையும் ஜேம்ஸ் மெக்கிரிகரின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1771-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1793-இல் 88-ஆம் ரெஜிமென்டில் சர்ஜனாகச் சேர்ந்தார். அந்த வேலையையும் அவர் விலை கொடுத்தே வாங்கினார் என்பது வேடிக்கை; முதல் படி மட்டும் டாக்டருக்கும் கடையில் கிடைத்தது போலிருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, எகிப்து என்று சுற்றி, 1812-இல் ஸ்பெயினில் வெல்லிங்டனின் படைக்குத் தலைமை மருத்துவரானார். பதஹோஸ் கோட்டை விழுந்த பிறகு, வெற்றி அறிக்கையில் மருத்துவர்களின் உழைப்பையும் ஒரு வரி சேர்க்கலாமே என்று தளபதியிடம் கேட்டார். அப்படி ஒரு வழக்கமே இல்லை. வெல்லிங்டன் சேர்த்தார். பிரிட்டிஷ் சர்ஜன்கள் அரசிதழில் அச்சேறிய முதல் பாராட்டு அது.

சில மாதங்களில் மட்ரிட் நகரில் நடந்தது வேறு கதை. சலமன்கா போரில் காயம்பட்டவர்கள் வழிநெடுகப் பசியோடு கிடந்தார்கள். மெக்கிரிகர் தளபதியைக் கேட்காமலே சில அதிகாரிகளையும் உணவுப் பொருட்களையும் அவர்களிடம் திருப்பிவிட்டார். பிறகு நேரில் போய் அதைத் தெரிவித்தார். வெல்லிங்டன் அப்போது ஸ்பானிய ஓவியர் ஒருவருக்கு முன்னால் உருவப்படத்துக்காக உட்கார்ந்திருந்தார். அந்த ஓவியர் கோயாதான் என்பது பலருடைய கருத்து. செய்தியைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, படைக்குத் தலைமை நீயா நானா என்று கத்தினார். ஓவியர் மிரண்டுபோனார். உயிரோடிருக்கும்வரை என் உத்தரவில்லாமல் எதையும் செய்யாதே என்று முடித்தவர், அன்றிரவே சாப்பாட்டுக்கு அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். திட்டியதும் உபசரித்ததும் ஒரே மனிதர்தான். டாக்டர் பக்கத்து நாற்காலிக்கு உரியவர்; வண்டியைத் திருப்ப உரியவர் அல்லர்.

மெக்கிரிகர் திருந்தவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் புர்கோஸ் முற்றுகை தோற்றுப் படை பின்வாங்கியபோது, காயம்பட்டவர்களை என்ன செய்வது என்று வெல்லிங்டன் கவலைப்பட்டார். அவர்களை ஏற்கெனவே வண்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் பின்னால் அனுப்பிவிட்டதாக மெக்கிரிகர் சொன்னார். தளபதி மனம்விட்டு மகிழ்ந்தார். மட்ரிடில் இதற்காகத்தானே திட்டினீர்கள் என்று டாக்டர் நினைவூட்ட, நல்லபடியாக முடிந்ததால் சரி, இனிமேலும் கேட்டே செய்யவும் என்றாராம். இதையெல்லாம் மெக்கிரிகரே தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தில் கசப்பு இல்லை. பெரிய மனிதர்களோடு பழகத் தெரிந்தவரின் அமைதி அது.

1815-இல் அவர் ராணுவ மருத்துவத் துறையின் தலைவரானார். 1851 வரை, முப்பத்தாறு வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். அங்கே அவர் செய்த பெரிய காரியம் கண்ணுக்குத் தெரியாதது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒவ்வொரு ரெஜிமென்ட் சர்ஜனும் எத்தனை பேர் படுத்தார்கள், எதனால், எத்தனை பேர் செத்தார்கள் என்று முறையாக அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்று வைத்தார். உத்தரவு போட முடியாதவர்கள் கணக்கெழுதத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் செய்த மிகப் பெரிய புரட்சி அறுவைச் சிகிச்சையில் நடக்கவில்லை, இந்தப் படிவங்களில்தான் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் காகிதக் குவியலைத் திறந்து பார்த்தவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் ஹென்றி மார்ஷல். 1808 முதல் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இலங்கையில் இருந்தவர். 1815-இல் கண்டி வீழ்ந்ததையும் 1818 கலகத்தை நசுக்கியதையும் நேரில் பார்த்தவர். கண்டிச் சீமையில் வெள்ளைச் சிப்பாய்களைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சல்தான் என்பதை அங்கேயே எண்ணிக் குறித்தவர். 1846-இல் அவர் எழுதிய இலங்கை பற்றிய நூல், தன் நாட்டார் அங்கே நடந்துகொண்ட விதத்தை மெச்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர் அலெக்சாண்டர் டுல்லக். இவர் போர் அதிகாரி; இளம் வயதில் 45-ஆம் ரெஜிமென்டோடு பர்மாவுக்குப் போனவர், சிப்பாயின் சம்பளத்திலும் சாப்பாட்டிலும் நடந்த மோசடிகளைக் கண்டு கொதித்தவர். ஒரு டாக்டரும் ஒரு போர் அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்த அபூர்வக் காட்சி அது. 1838-இல் மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. ஜமைக்காவில் வெள்ளைச் சிப்பாய்கள் போரே இல்லாமல் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கரையோரம் இருந்தவர்கள் மாண்டார்கள். சர்ஜன் யோசனையாகச் சொல்லிவந்தது நாடாளுமன்றத்தில் அட்டவணையாக விரிந்தது. 1841-இல் ஜமைக்காவின் நீலமலைகளில் நியூகாஸில் என்ற இடத்தில் படைவீடு எழுந்தது.

இதே காலத்தில், விதிகளையெல்லாம் மீறி ஏணியில் ஏறிய ஒருவரும் இருந்தார். டாக்டர் ஜேம்ஸ் பாரி. அயர்லாந்தின் கார்க் நகரில் மார்கரெட் பல்க்லி என்ற பெயரில் பிறந்தவர். பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காத நாளில், ஆணாக எடின்பரோவில் நுழைந்து 1812-இல் பட்டம் வாங்கி, மறுவருஷம் ராணுவத்தில் சேர்ந்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆணாகவே வாழ்ந்தார். 1826-இல் கேப் டவுனில் அவர் செய்த சிசேரியனில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத செய்தி. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கேப் காலனியில் குடிதண்ணீர், சிறைச்சாலை, தொழுநோயாளிகள் இல்லம், போலி மருந்து வியாபாரம் என்று பாரி கைவைக்காத இடமில்லை. கவர்னர் சாமர்செட் பிரபுவின் ஆதரவு இருந்தவரை எல்லாம் நடந்தது. ஆதரவு தளர்ந்ததும் பதவியும் போனது. பதவிநிலை இல்லாதவருக்கு ஆள்பழக்கம் ஒன்றுதான் அதிகாரம். பாரியின் கூர்மையான நாக்கோ ஆள்பழக்கத்துக்கு எதிரி. செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கைதாகித் திரும்ப வேண்டியிருந்தது. அப்படியும் ராணுவ மருத்துவமனைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்ற படிவரை போனார். 1865-இல் லண்டனில் இறந்தபிறகு, உடலைக் குளிப்பாட்டிய பணிப்பெண் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. பாரியை ஆண் வேடம் போட்ட பெண் என்பதா, ஆணாகவே தன்னை உணர்ந்தவர் என்பதா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அதைத் தீர்த்துவைக்கும் தகுதி பாரி ஒருவருக்கே இருந்தது. அவர் எழுதி வைக்கவில்லை.

கிரிமியா. 1854 முதல் 1856 வரை நடந்த அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் களத்திலும் காயத்தாலும் இறந்தவர்கள் ஐயாயிரத்துக்குள். நோயால் இறந்தவர்கள் பதினாறாயிரத்துக்கும் மேல். துறைத் தலைவர் ஆண்ட்ரூ ஸ்மித் திறமைசாலி. தென்னாப்பிரிக்காவின் விலங்குகளைப் பற்றி அவர் எழுதியவை டார்வினுக்கே உதவியவை. போர் தொடங்குமுன் ஆம்புலன்ஸ் வண்டி வேண்டும், தூக்கிச் செல்லப் பயிற்சிபெற்ற ஆட்கள் வேண்டும் என்று எழுதினார், மறுபடி எழுதினார். கிடைத்தவர்கள் வயதான ஓய்வூதியச் சிப்பாய்கள், பலர் குடிகாரர்கள். வண்டிகளைப் பல்கேரியாவின் வர்ணா துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் படை கப்பலேறியது. குதிரைக்கு ஒரு அலுவலகம், கூடாரத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கருவூலம். எதற்கும் ஸ்மித் மனு போட வேண்டியவர்தான்.

டிசம்பரில் 20,000 பவுண்டு எடை எலுமிச்சைச் சாறு பலாக்லாவாவுக்கு வந்துசேர்ந்தது. சிப்பாய்களோ ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிப் பல் ஆடிக் கிடந்தார்கள். அன்றாட ரேஷன் பட்டியலில் எலுமிச்சைச் சாறு இல்லை. கொடு என்று யாரும் உத்தரவு போடவில்லை. பிப்ரவரிவரை அது கிடங்கில் கிடந்தது. இதைக் கண்டுபிடித்து எழுதிய விசாரணைக் குழுவில் இருந்தவர் அதே டுல்லக். குற்றம் சாட்டப்பட்ட பிரபுக்களையும் உயர் அதிகாரிகளையும் செல்சியில் கூடிய தளபதிகள் குழு ஒன்று விடுவித்தது. ஏணியின் மேல்படிகளில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

டாக்டர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் இதற்கு அர்த்தமில்லை. கிரிமியாவில் தலைமை மருத்துவராக இருந்த ஜான் ஹால், குளோரோஃபார்மைக் கண்டால் ஆகாதவர். ஸ்குட்டாரி மருத்துவமனை நல்ல நிலையில் இருப்பதாக மேலிடத்துக்கு எழுதியவரும் அவரே. படிவம் உண்மை சொல்லவும் உதவும், மூடி மறைக்கவும் உதவும். ஹாலுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஸ்குட்டாரியில் தாதியர்களுக்குத் தலைமை தாங்கிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அந்தப் பட்டத்துக்கு கிரிமியா இடுகாட்டின் பெயரைச் சேர்த்துக் கிண்டலடித்தார். அந்த அம்மையாருக்கும் ராணுவத்தில் எந்தப் பதவிநிலையும் கிடையாது. ஆனால் சிட்னி ஹெர்பர்ட் என்ற அமைச்சர் நண்பர், கையில் புள்ளிவிவரம். மெக்கிரிகர் தொடங்கிவைத்த கணக்கு முறை கடைசியில் அவர் கையில் ஆயுதமானது.

போர் முடிந்து விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. 1858-இல் டாக்டர்களுக்கு 'ஒப்புப் பதவிநிலை' கொடுத்தார்கள். மேஜருக்கு ஒப்பு, கர்னலுக்கு ஒப்பு. மேஜர் என்று கூப்பிட மாட்டார்கள். 1887-இல் அதையும் பிடுங்கினார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கொடிபிடித்தது, மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களை ராணுவத் தேர்வுக்குப் போகவேண்டாம் என்றன. 1891-இல் சமரசமாகச் 'சர்ஜன்-கேப்டன்', 'சர்ஜன்-மேஜர்-ஜெனரல்' என்று ஒட்டுப்போட்ட பட்டங்கள் வந்தன. அவற்றைக் கேட்டுச் சிரித்தவர்களைக் குறைசொல்ல முடியாது. தேர்வுக்கு ஆள் வராமல் போனது. 1898 ஜூன் 23 அன்று ராயல் ஆர்மி மெடிக்கல் கோர் உருவானது. கேப்டன் கேப்டன்தான், கர்னல் கர்னல்தான்.

அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்காவில் போயர் போர். பட்டம் கிடைத்துவிட்டது, சொல்லைக் கேட்கும் பழக்கம் வரவில்லை. 1900-இல் புளும்ஃபொன்டைனில் டைபாய்டு வெடித்தது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் அங்கே கிரிக்கெட் மைதானத்தில் போட்டிருந்த மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். அந்தப் போரில் இறந்த 22,000 பிரிட்டிஷ் வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயில் போனவர்கள். டைபாய்டு மட்டும் எட்டாயிரம் பேரைக் கொண்டுபோனது. தடுப்பூசி இல்லாமலில்லை. நெட்லி ராணுவ மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஆல்ம்ரோத் ரைட் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட, போட்டுக்கொண்டவர்கள் பதினாலாயிரம் பேர் அளவில். போருக்குப் போனவர்களோ மூன்று லட்சத்துக்கும் மேல். ரைட் வெறுத்துப்போய் 1902-இல் விலகினார். அவருடைய உதவியாளராக இருந்த வில்லியம் லீஷ்மன் அந்த வேலையை விடவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறும் ரெஜிமென்டுகளில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து எண்ணி, யாரும் மறுக்க முடியாத அட்டவணையை உண்டாக்கினார். மறுபடியும் கணக்குதான். 1914-இல் தொடங்கிய உலகப்போரில்தான் பிரிட்டிஷ் படையில் நோயால் செத்தவர்களைவிடக் குண்டால் செத்தவர்கள் அதிகமானார்கள். அதை முன்னேற்றம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் மருத்துவத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னேற்றமேதான்.

இந்த லீஷ்மன் பெயர் சென்னையோடும் கட்டுண்டது. 1900-இல், கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு சிப்பாய் நெட்லியில் இறந்தார். வீங்கிய அவர் மண்ணீரலை எடுத்துப் பார்த்த லீஷ்மன் உருண்டையான நுண்ணிய உருவங்களைக் கண்டார்; 1903 மே மாதம் அதைப் பற்றி எழுதினார். அதே சமயம் சென்னை ஜி.எச்.சில் சார்லஸ் டோனோவன் என்ற ஐ.எம்.எஸ். மருத்துவர் இருந்தார். கல்கத்தாவில் பிறந்த அயர்லாந்துக்காரர், மதராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியர். நாள்பட்ட மலேரியா என்று எல்லாரும் கைகழுவிய நோயாளிகளின் மண்ணீரலில் அவரும் அதே உருவங்களைக் கண்டிருந்தார். செத்தவர்களின் உறுப்பில் தெரிவது அழுகலால் வந்ததாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைப் போக்க, ஜூன் 17 அன்று உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்த்தார். இருந்தது. காலா அசார் நோயின் கிருமி அகப்பட்டது. ஸ்லைடுகள் பாரிஸுக்கும் லிவர்பூலுக்கும் போயின. யாருக்குப் பெருமை என்ற பேச்சு எழுந்தது. லிவர்பூலில் இருந்த ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவனி' என்று பெயர்சூட்டி முடித்துவைத்தார்.

ராஸுக்கு இந்த வழக்கு நன்றாகப் புரிந்திருக்கும். அவரும் மதராஸ் பிரிவில் சேர்ந்த ஐ.எம்.எஸ். ஆள், தந்தை இந்திய ராணுவத்தில் ஜெனரல். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். அதற்காகக் கொசுக்களைத் தன்னைக் கடிக்கவிட்டு, கொசுவுக்கு ஓரணா வீதம் வாங்கிக்கொண்டவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. கண்டுபிடித்த அடுத்த மாதமே ராஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற, மலேரியா கண்ணில் படாத ஊருக்கு. உலகமே எதிர்பார்த்திருந்த ஆராய்ச்சி மாதக்கணக்கில் நின்றது. சீருடை டாக்டருக்கு ஆய்வகம் பெரிதா, மாற்றல் உத்தரவு பெரிதா என்றால் உத்தரவுதான் பெரிது. 1902-இல் நோபல் பரிசு வந்தபோது அவர் சர்வீஸை விட்டு வெளியேறி மூன்று வருஷமாகியிருந்தது.

லீஷ்மன் சர் பட்டம் பெற்றார், 1923-இல் ராணுவ மருத்துவத்தின் தலைவரானார். டோனோவன் ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராக இருந்து, லெப்டினன்ட் கர்னலாகவே ஓய்வுபெற்று, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பட்டாம்பூச்சி சேகரித்தபடி 1951 வரை வாழ்ந்தார். தலைநகருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் மதராஸில் இருந்தவருக்கும் உள்ள தூரம் அது.

டோனோவனுக்காவது கிருமியின் பெயரில் பாதி கிடைத்தது. அந்த நோய்க்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் கதையைப் பார்க்க வேண்டும். அவர் ஐ.எம்.எஸ். அல்லர், மாகாண மருத்துவப் பணியில் இருந்தவர். கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையில் எரிவாயுவோ, மின்சாரமோ, குழாய்த் தண்ணீரோ இல்லாத ஓர் அறையில் உழைத்து யூரியா ஸ்டிபமைன் மருந்தை உண்டாக்கினார். 1922 முதல் அதன் பலன் உலகுக்குத் தெரிந்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை.

இங்கேதான் இந்த வரலாற்றின் மீது கடுமையாகத் தீர்ப்புச் சொல்லத் தோன்றுகிறது. தங்களைக் கேப்டன் என்று கூப்பிடவில்லையே என்று நாற்பது வருஷம் போராடிய அதே டாக்டர்கள், தங்களுக்குக் கீழே நின்றவர்களுக்கு ஏணியைக் கொடுக்க மறுத்தார்கள். ஐ.எம்.எஸ். தேர்வு 1855-லேயே இந்தியர்களுக்குத் திறந்தது. சூர்யகுமார் சக்ரவர்த்தி அந்த முதல் தேர்விலேயே வென்றார். ஆனால் தேர்வு லண்டனில். கடல் கடக்கக் காசு வேண்டும். ஆகவே இந்தியர்கள் பெரும்பாலும் சப்-அசிஸ்டன்ட் சர்ஜனாகவும் ஹாஸ்பிடல் அசிஸ்டன்டாகவும் இருந்தார்கள். சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளின் தலைமையும் மெடிக்கல் காலேஜின் முக்கியப் பேராசிரியர் பதவிகளும் ஐ.எம்.எஸ்.காரர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. 1835-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் வந்தது 1930-களின் இறுதியில்.

பெண்களுக்கும் இதே கதிதான். 1914-இல் எல்சி இங்கிலிஸ் என்ற எடின்பரோ சர்ஜன் சேவைக்குப் போனபோது, வீட்டுக்குப் போய் அமைதியாக இருக்கும்படி போர் அமைச்சகத்தில் சொன்னார்கள். அவர் செர்பியாவுக்கு மருத்துவமனை கொண்டுபோனார். லண்டன் எண்டெல் தெருவில் ஃப்ளோரா மரேயும் லூயிசா காரெட் ஆண்டர்சனும் முழுக்கப் பெண்களை வைத்தே ராணுவ மருத்துவமனை நடத்தி, 26,000 நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆண் அதிகாரிகளுக்குரிய சம்பளம் தந்தார்கள், கமிஷன் தரவில்லை. ஜேம்ஸ் பாரி இன்ஸ்பெக்டர் ஜெனரலாகி அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

1947 ஆகஸ்டில் ஐ.எம்.எஸ். கலைக்கப்பட்டது. அதில் இருந்த வெள்ளைக்காரர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்திருக்கின்றன. அவர்களுக்குக் கட்டுப்போட்ட, ஸ்லைடு கழுவிய, காலரா முகாமில் அவர்களுக்கு முன்பே போய் நின்ற தமிழ் ஹாஸ்பிடல் அசிஸ்டன்டுகளையும் டிரஸ்ஸர்களையும் கம்பவுண்டர்களையும் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் வரவேண்டும். மதராஸ் மாகாண அரசின் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மருத்துவ வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் யாராவது அங்கே போய் உட்கார வேண்டும்.